இரட்டைச் சிம் யாருக்குச் சொந்தம்?

உங்கள் போனில் *#06# என்று அழுத்திப் பாருங்கள். அழைப்புப் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. கடைசிக் குறி விழுந்ததுமே 15 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று திரையில் வந்து நிற்கும். இரட்டைச் சிம் போன் என்றால் ஒன்றல்ல, இரண்டு எண்கள். இதற்குப் பெயர் ஐஎம்ஈஐ. முதல் எட்டு இலக்கங்கள் மொடலைச் சொல்லும். அடுத்த ஆறு, அந்த மொடலில் உங்கள் கையிலிருக்கும் தனிப் போனைச் சொல்லும். கடைசி இலக்கம் மற்றப் பதினான்கும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று கணக்குப் பார்ப்பதற்கு. கண்டியில் போன் வாங்கும்போது, விவரம் தெரிந்தவர்கள் காசைக் கொடுக்கும் முன் இந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போன்தானா என்று பார்த்துக்கொள்வார்கள்.

ஒரே போனுக்கு எதற்கு இரண்டு அடையாள எண்? கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு பற்றரி, ஒரு திரை, ஒரு பிரதான சிப். பெரும்பாலான போன்களில் வானொலிச் சுற்றும் ஒன்றுதான். ஆனால் வலையமைப்பின் பதிவேட்டில் அது இரண்டு போன். ஒன்றாக இருந்துகொண்டே இரண்டாக நடிப்பதுதான் அதன் வேலை. இந்த நடிப்புக்கு நானே உரிமையாளன் என்று மதுரைக்காரர் ஒருவர் சாம்சங் முதலிய கம்பனிகளை எதிர்த்து நின்றார். போனுக்குள் இருக்கும் ஒரு நுட்பம் யாருடையது என்பதைச் சட்டம் எப்படி முடிவுசெய்கிறது என்று அறிய, தமிழ் வாசகருக்கு அதைவிட நெருக்கமான வழக்கு இல்லை.

மலைநாடும் இரண்டு சிம்மும்

தெற்காசியாவின் முதல் செல்லுலார் வலையமைப்பு 1989இல் இலங்கையில், செல்டெல் என்ற பெயரில் தொடங்கியது. 1995இல் டயலொக் ஜிஎஸ்எம் என்ற செல்லுலார் முறையைக் கொண்டுவந்தது. பிறகு கம்பனிகள் பெருகின. இலக்கத்தின் முன்பகுதியைப் பார்த்தே இது யாருடைய சிம் என்று சொல்ல எல்லோரும் பழகிக்கொண்டோம்: 077 டயலொக், 071 மொபிடெல், 078 ஹட்ச், 075 அன்று எயார்டெல். ஒரே வலையமைப்புக்குள் பேசினால் கட்டணம் குறைவாக இருந்தது. வீட்டில் அம்மாவிடம் ஒரு சிம், கடை முதலாளியிடம் வேறொரு சிம் என்றால், இருவரோடும் மலிவாகப் பேச இரண்டு சிம் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ரீலோட் போட வேண்டியிருந்தது.

கண்டியைச் சுற்றி இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹந்தானைத் தொடர், உடவத்தகலை, பஹிரவகந்த என்று நகரைச் சூழ்ந்து மேடுகள். வானொலி அலை மலை முகட்டில் மோதும்போது அதன் விளிம்பில் சற்று வளைந்து மறுபக்கம் இறங்கும். அலை நீளமாக இருந்தால் வளைவு அதிகம். குறுகியதாக இருந்தால் வளைவு குறைவு. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீற்றர். 1800இல் அதில் பாதி. ஆகவே முகட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டில் எந்தச் சிம்முக்குச் சிக்னல் கிடைக்கும் என்பது, எந்தக் கம்பனி எந்த மேட்டில் கோபுரம் நட்டிருக்கிறது, எந்த அலைவரிசையில் அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது. முன்னறையில் ஒரு சிம்முக்கு நான்கு கோடு, குசினியில் மற்றச் சிம்முக்கு நான்கு கோடு என்ற நிலை மலைநாட்டு வீடுகளுக்குப் பழக்கமானது.

இரட்டைச் சிம் போன் பரவும் முன் இதைச் சமாளிக்க ஆட்கள் படாத பாடுபட்டார்கள். சிலர் இரண்டு போன் வைத்திருந்தார்கள். சிலர் பற்றரியைக் கழற்றிச் சிம்மை மாற்றினார்கள். இரண்டு சிம்களைக் கத்தரித்து ஒரே தாங்கியில் பொருத்தும் ஒரு சிறு அட்டையும் கடைகளில் விற்றது. போனை அணைத்து மீண்டும் போட்டால் மற்றச் சிம் விழிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வழி இல்லை.

ஒரே காதால் இரண்டு பக்கமும் கேட்பது

சிம் என்பது வெறும் இலக்க அட்டை அல்ல. அதுவே ஒரு குட்டிக் கணினி. உள்ளே இரண்டு முக்கியமான சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று சந்தாதாரரின் சர்வதேச அடையாள எண். இலங்கைச் சிம் என்றால் அது 413 என்று தொடங்கும். மற்றது 128 பிட் நீளமான இரகசியத் திறவுகோல். அது சிம்மிலும் கம்பனியின் கணினியிலும் மட்டுமே இருக்கும். காற்றில் ஒருபோதும் போகாது. போன் வலையமைப்பில் சேர வரும்போது கோபுரம் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். சிம் அதைத் தன் திறவுகோலோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை அனுப்பும். மறுமுனையில் கம்பனியின் கணினியும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். விடை பொருந்தினால் கதவு திறக்கும். ஆக, இரண்டு சிம் வைப்பதென்றால் இரண்டு தனித்தனிச் சந்தாதாரர்களாக இரண்டு கதவுகளில் தட்டுவது.

தட்டி உள்ளே போன பிறகுதான் உண்மையான சிக்கல் வருகிறது. அழைப்பு வருகிறதா என்று போன் எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் பற்றரி சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். எனவே வலையமைப்பு ஒவ்வொரு போனுக்கும் ஒரு நேரத்தை ஒதுக்குகிறது. ஜிஎஸ்எம் முறையில் ஏறக்குறைய அரைச் செக்கனிலிருந்து இரண்டு செக்கனுக்கு ஒருமுறை, சில மில்லிசெக்கன்கள் மட்டும் போன் விழித்து, தன் பெயரைக் கூப்பிடுகிறார்களா என்று கேட்கும். இல்லையென்றால் மீண்டும் உறங்கிவிடும்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இரண்டு ஊர்ப் பஸ்களில் எது வந்தாலும் சரி என்று நிற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ் ஒவ்வொரு மணியும் பத்தாவது நிமிடத்தில் வரும். மற்றது நாற்பதாவது நிமிடத்தில். அவருக்கு இரண்டு சோடிக் கண்கள் தேவையில்லை. நேரம் தெரிந்தால் இடையில் தேநீர் குடித்துவிட்டும் வரலாம். இரண்டு பஸ்ஸும் ஒரே நிமிடத்தில் வந்தால்தான் திண்டாட்டம். ஒன்றில் ஏறிவிட்டாரென்றால் மற்றதில் ஏற முடியாது.

இரட்டைச் சிம் போன்களில் பெரும்பாலானவை செய்வது இதுதான். ஒரே வானொலிச் சுற்று ஒரு வலையமைப்பின் நேரத்தில் அதன் அலைவரிசைக்குத் தாவிக் கேட்கும். உடனே மற்ற அலைவரிசைக்குத் தாவி அதையும் கேட்கும். இரண்டு கூப்பிடு நேரங்களும் மோதினால் எதற்கு முன்னுரிமை, எதை அடுத்த சுற்றுக்குத் தள்ளுவது என்பதை மென்பொருள் தீர்மானிக்கும். முதல் சிம்மில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதை அழைப்பவருக்கு, தொடர்புகொள்ள முடியவில்லை என்ற குரல் கேட்பது இதனால்தான்: வானொலி ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டது. இரண்டு சிம்மிலும் ஒரே நேரத்தில் பேச வேண்டுமென்றால் வானொலிச் சுற்றும் இரண்டு வேண்டும். விலை கூடும், பற்றரி விரைவில் இறங்கும்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். இரண்டு துளை போடுவது தச்சு வேலை. ஒரு வானொலியை இரண்டு பேருக்குப் பங்கு போடுவதில்தான் பொறியியல் இருக்கிறது.

மதுரையிலிருந்து ஒரு விண்ணப்பம்

மதுரையைச் சேர்ந்த சோமசுந்தரம் ராம்குமார் 2002 மார்ச்சில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் ஒன்றைப் போட்டார். வெவ்வேறு வலையமைப்புகளுக்குரிய பல சிம்களைக் கொண்ட கைத்தொலைபேசி என்பது அதன் பொருள். பல சிம் தாங்கிகள், பல இயர்போன் துளைகள், புளூடூத் இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்து அவர் தன் உரிமையைக் கோரினார். அன்றைக்கு நம் ஊர்களில் ஒரு சிம் போனே பெரிய சங்கதி. 2008இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது, எண் 214388.

விண்ணப்பத்துக்கும் உரிமைக்கும் இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகளில் உலகம் மாறிவிட்டது. தாய்வானின் மீடியாடெக் கம்பனி குறைந்த விலைச் சிப்களை விற்க, சீனாவின் ஷென்சென் பட்டறைகள் அவற்றைக் கொண்டு இரட்டைச் சிம் போன்களைச் செய்து குவித்தன. 2007இல் சாம்சங் டி880 என்ற மொடலை வெளியிட்டது. இந்தியாவில் ஸ்பைஸ், மைக்ரோமேக்ஸ் போன்ற பெயர்கள் முளைத்தன. நோக்கியா மட்டும் தயங்கியது. 2010இல் அது அறிவித்த சி1-00 மொடலில் இரண்டு சிம் இருந்தும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலைசெய்யும். அந்தத் தயக்கத்துக்கு இந்தியச் சந்தையில் நோக்கியா பெரிய விலை கொடுத்தது. அதாவது ராம்குமாரின் காப்புரிமை கைக்கு வந்தபோது, அது தொடும் பொருள் இந்தியத் துறைமுகங்களில் பெட்டி பெட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் இரண்டு வழியில் போனார். ஒன்று சென்னை உயர் நீதிமன்றம். மற்றது சுங்கம். இந்தியாவில் 2007இல் வந்த விதிகளின்படி, அறிவுசார் சொத்து உரிமையாளர் சுங்கத்தில் பதிவுசெய்துகொண்டால், உரிமையை மீறுவதாகச் சந்தேகிக்கும் இறக்குமதிச் சரக்கை அதிகாரிகள் நிறுத்திவைக்கலாம். 2009இல் இரட்டைச் சிம் போன்கள் அப்படி நிறுத்தப்பட்டன. தனி மனிதர் ஒருவரின் பத்திரம் பெரிய கம்பனிகளின் போன்களைச் சுங்கத்தில் முடக்கிவிட்டது.

கம்பனிகள் திருப்பி அடித்தன. காப்புரிமை வழக்கில் எதிராளிக்கு இரண்டு விடைகள் உண்டு. நான் உன் உரிமையை மீறவில்லை என்பது ஒன்று. உனக்கு அந்த உரிமையே கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது மற்றது. ஸ்பைஸும் சாம்சங்கும் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயின. 2012இல் வாரியம் ராம்குமாரின் காப்புரிமையை இரத்துச் செய்தது. அவர் கோரியது முன்பே தெரிந்திருந்தவற்றிலிருந்து துறை அறிந்த ஒருவருக்கு எளிதாகத் தோன்றக்கூடியதே என்பது முடிவின் சாரம்.

ஆசை வேறு, வழி வேறு

இந்தத் தீர்ப்பைப் பெரிய கம்பனி சின்ன மனிதரை நசுக்கிய கதையாகச் சொல்வது சுலபம். வழக்குச் செலவைத் தாங்கும் பலம் யாருக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை.

காப்புரிமை கிடைக்க ஒரு பொருள் புதிதாக இருக்க வேண்டும்; துறை அறிந்தவருக்குத் தானாகத் தோன்றாததாக இருக்க வேண்டும்; தொழிலில் பயன்பட வேண்டும். இந்தியச் சட்டமும் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதில் ஒரே பாதை. புதிது என்றால் நம் ஊருக்குப் புதிது என்று பொருள் அல்ல. உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டும். ராம்குமார் விண்ணப்பிக்கும் முன்பே, 2000இல், பின்லாந்தின் பெனிபோன் கம்பனி இரண்டு சிம் பொருத்தும் டுவின் என்ற போனைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அது மதுரையிலோ கண்டியிலோ கடைக்கு வராமல் இருந்திருக்கலாம். சட்டத்துக்கு அது பொருட்டல்ல.

ஒரே போனில் இரண்டு சிம் இருந்தால் நல்லது என்பது ஓர் ஆசை. சிம்மைக் கத்தரித்துத் தாங்கியில் பொருத்திய ஒவ்வொருவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆசையைப் பதிவுசெய்ய முடியாது. அதை அடையும் வழியைத்தான் பதிவுசெய்யலாம். ஒரே வானொலியை இரண்டு கூப்பிடு நேரங்களுக்கு எப்படிப் பகிர்வது, இரண்டும் மோதும்போது என்ன செய்வது, ஒரு சிம்மில் பேசும்போது மற்றதை எப்படி இழக்காமல் வைத்திருப்பது என்ற கேள்விகளுக்கு விடையாக எழுதப்படும் உரிமைக்கோரல் வேறு வகை. அதை உடைக்க வேண்டுமென்றால் அதே வழியை யாராவது முன்பே எழுதியிருக்க வேண்டும். பல துளை உள்ள போன் என்று பரந்து எழுதிய கோரலுக்குப் பிடிக்கும் பரப்பு பெரிது. அந்தப் பரப்புக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய பொருள்களும் அதிகம். எவ்வளவு அகலமாக வேலி போடுகிறோமோ, அவ்வளவு பேரின் பழைய நிலம் உள்ளே அகப்படும்.

சிப் யாரிடம் வாங்கியது?

பெரிய கம்பனிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும்போதும் இதே கணக்குத்தான், தொகைதான் வேறு. 2014 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், எரிக்சன் கம்பனியின் காப்புரிமைகளைக் காரணம் காட்டி, சீனாவின் ஷாவ்மி போன்கள் இந்தியாவில் விற்பதைத் தடுத்தது. சில நாளில் தடை தளர்ந்தது, ஆனால் எல்லா மொடலுக்கும் அல்ல. குவால்கொம் சிப் உள்ளவற்றை, போன் ஒன்றுக்கு 100 இந்திய ரூபாய் வைப்புக் கட்டி விற்கலாம் என்றது நீதிமன்றம். மீடியாடெக் சிப் உள்ளவற்றுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. எரிக்சனிடம் உரிமம் பெற்றிருப்பது குவால்கொம் என்பதே ஷாவ்மி காட்டிய காரணம். ஒரே கம்பனி, ஒரே பெட்டி, ஒரே கடை. உள்ளே விரல் நகமளவு சிப் ஒன்று மாறியதும் ஒரு போன் விற்கலாம், மற்றது விற்கக் கூடாது.

2024 மார்ச்சில் அதே தில்லி உயர் நீதிமன்றம், போன் விற்கும் லாவா கம்பனி எரிக்சனுக்கு 244 கோடி இந்திய ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் இருந்த காப்புரிமைகளுள் முக்கியமானது, பேச்சைச் சுருக்கி அனுப்பும் நுட்பம். சிக்னல் நன்றாக இருக்கும்போது குரலுக்கு அதிகப் பிட்கள். சிக்னல் தேயும்போது குரலுக்குக் குறைத்து, பிழை திருத்தத்துக்குக் கூட்டிக் கொடுக்கும். மலைப் பாதையில் பஸ் வளைவு திரும்பும்போது குரல் கரகரத்தாலும் அழைப்பு அறாமல் நிற்பதற்கு இப்படிப்பட்ட வழிகளே காரணம். இது யாருக்கும் தானாகத் தோன்றும் ஆசை அல்ல.

போனை வலையமைப்போடு பேசவைக்கும் மொடெம் சிப்புக்காக அப்பிளும் குவால்கொமும் 2017 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் வரை பல நாட்டு நீதிமன்றங்களில் மோதின. அப்பிளின் முக்கியமான குறை, குவால்கொம் சிப்பின் விலைக்கு அல்லாமல் முழுப் போனின் விலைக்கு விகிதம் வைத்து உரிமத் தொகை கேட்கிறது என்பது. திரையும் கமராவும் மேம்பட்டால் போன் விலை ஏறும். அதற்கு மொடெம்காரருக்கு ஏன் கூடுதல் பங்கு என்றது அப்பிள். கடைசியில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதே ஆண்டு இன்டெலின் மொடெம் பிரிவை 100 கோடி டொலருக்கு வாங்கிய அப்பிள், தன் சொந்த மொடெமை ஒரு போனுக்குள் வைக்க 2025 வரை ஆனது. பிறர் சிப்பை நம்பாமல் இருப்பதற்குப் பணம் மட்டும் போதாது, காலமும் வேண்டும்.

திரையில் ஒரு துளி நீர்

வழியைப் பதிவுசெய்வது என்றால் என்ன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். போனில் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, விரல் நுனியால் சிறு நீர்த்துளி ஒன்றைத் திரையில் வையுங்கள். துளி ஒரு வில்லையாகி, அடியில் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைப் பெருக்கிக் காட்டும். ஓஎல்இடி திரைகள் பலவற்றில் இந்த மூன்றும் சம எண்ணிக்கையில் இருப்பதில்லை. சிவப்பைப் போல் இரண்டு மடங்கு, நீலத்தைப் போலும் இரண்டு மடங்கு பச்சை இருக்கும். மனிதக் கண் நுண்ணிய விவரங்களைப் பெரும்பாலும் பச்சை ஒளியிலிருந்தே எடுத்துக்கொள்வதால், மற்ற இரண்டிலும் சிக்கனம் பிடிக்கலாம்.

சாய்சதுரமாக அமைந்த இத்தகைய புள்ளி ஒழுங்குக்குச் சாம்சங் டிஸ்பிளே காப்புரிமை வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் அது அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையத்தில் முறையிட்டது, மாற்றுத் திரைகளை இறக்குமதி செய்து ரிப்பேர் கடைகளுக்கு விற்கும் மொத்த வியாபாரிகளின் மீது. போட்டியாளரான சீனாவின் பிஓஈ பிறகுதான் வழக்கினுள் வந்தது. உடைந்த திரையோடு ரிப்பேர் கடைக்குப் போனால், ஒரிஜினலா கொப்பியா என்று கேட்டு இரண்டு விலை சொல்வார்களே, அந்த இரண்டாம் விலைக்குப் பின்னால் இருக்கும் உலகச் சங்கிலியின் ஒரு கண்ணி அது.

கண்டியில் இருந்து பார்த்தால்

2009இல் இந்தியச் சுங்கத்தில் பெட்டிகள் நின்றபோது, கண்டிக் கடைகளில் இரட்டைச் சிம் போன் விற்பதற்கு அந்தக் காப்புரிமையால் எந்தத் தடையும் வரவில்லை, வரவும் முடியாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. இந்தியாவில் கிடைத்தது இராமேஸ்வரத்தோடு நின்றுவிடும். இலங்கையில் உரிமை வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். இந்த எல்லைக்கு மறுபக்கமும் உண்டு. பேராதனையில் பொறியியல் படிக்கும் ஒருவர் இலங்கையில் மட்டும் பதிந்த நுட்பத்தை, ஷென்சென்னில் யாரும் தடையின்றிச் செய்து, இலங்கை தவிர்த்த பல நாடுகளில் விற்கலாம்.

காலத்துக்கும் எல்லை உண்டு. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ராம்குமாரின் காப்புரிமை இரத்தாகாமல் நின்றிருந்தாலும் 2022 மார்ச்சோடு முடிந்திருக்கும். அதே ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 14இல் சிம் துளையே இல்லை; சிம் மென்பொருளாகிப் போனுக்குள் போய்விட்டது. இந்தியாவும் தன் சுங்க விதிகளிலிருந்து காப்புரிமையை 2018இல் நீக்கிவிட்டது. ஒரு போன் ஒரு தொழில்நுட்ப உரிமையை மீறுகிறதா என்பது பெட்டியைத் திறந்து பார்த்து அதிகாரி சொல்லக்கூடிய விடயம் அல்ல.

துளை போய்விட்டது. ஆனால் துளையில்லாத போனும் இரண்டு இலக்கங்களுக்கு விழித்திருக்க வேண்டும். ஒரே வானொலியை இரண்டு வலையமைப்புக்கும் பங்கிட வேண்டும். காப்புரிமை விண்ணப்பம் எழுத உட்காரும் இளம் பொறியாளர் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: என்ன செய்தேன் என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள்; எப்படிச் செய்தேன் என்பதை ஒரு படியும் விடாமல் எழுதுங்கள். எதிராளியின் வழக்கறிஞர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.